சேற்று நிறத்தில் ஒரு தரை

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது தரையைத்தான். எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, கடைக்காரர்களும் என்னோடு சேர்ந்து குனிந்து தேடுகிறார்கள். நுவரெலியாவில் ஒரு கேக் கடை. வாசலில் ஆறு மூலை டைலாகத் தொடங்கும் தரை, உள்ளே போகப் போகப் பலகைக்குள் கரைந்துவிடுகிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் கேக் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன். தலவாக்கலையில் ஒரு மருந்துக்கடையில் சிமெந்தில் கல் சில்லுகள் பதித்த பழைய காலத்துக் கல்சிப்ஸ் தரை திரும்பி வந்திருக்கிறது. உட்கார்ந்து தடவிப் பார்த்தால் சிப்ஸும் இல்லை, கல்லும் இல்லை; டைலில் அச்சடித்த படம். இன்னோர் அலுவலகத்தில் சதுரம் சதுரமாகக் கம்பளம். ஒரு சதுரத்தில் தேத்தண்ணி கொட்டினால் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாமாம். இப்படியும் யோசிக்கிற மூளை உலகத்தில் இருக்கிறதே என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இந்தப் பைத்தியம் எனக்கு என் அக்காவிடமிருந்து தொற்றியது.

அக்கா பல வருஷம் வளைகுடாவில் ஒரு பெரிய வணிக வளாகத்தில் தரை துடைத்தாள். அவள் போகும்போது மகள் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். அந்த வருஷங்களில் பிள்ளை என்னோடுதான் இருந்தாள். நான் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவளுக்குப் பொறுமை அதிகம், அதனால் ஒருமாதிரி சமாளித்தோம். அக்கா போனில் கூப்பிட்டால் அந்த ஊர்க் கட்டிடத்தையோ காரையோ காட்டமாட்டாள். கேமராவைக் கீழே திருப்பித் தரையைக் காட்டுவாள். "பாத்தியா? மொகம் தெரியுது பாரு. இது நான் தொடச்சது." நான் சிரிப்பேன். மகளுக்கு அம்மாவின் முகம் பாதி நேரம் தரையில் தலைகீழாகத்தான் தெரிந்தது.

திரும்பி வந்ததும், கையில் இருந்ததையெல்லாம் போட்டு டிக்கோயாவில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு துணிக்கடை எடுத்தாள். சேலை, பிள்ளைகளின் உடுப்பு, ஸ்வெட்டர். அவளை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர் விடவில்லை. பழைய இடத்தில் இவளைத்தான் கேட்கிறார்களாம், பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் போதுமாம். "தீவாளி வரைக்கும் பாக்குறேங்க. கட ஓடலன்னா வர்றேன்," என்று சொல்லிவிட்டாள். அதைச் சொன்னபோது மகள் பக்கத்தில்தான் இருந்தாள். அன்றிலிருந்து பிள்ளை நாட்காட்டியைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது.

கடையில் அக்கா முதலில் செய்தது தரை. ரெண்டுக்கு ரெண்டு அடி வெள்ளை டைல், கண்ணாடி மாதிரி பளபளப்பு. பதித்து முடிந்த அன்று வாசலில் நின்று பார்த்தேன். மேலே எரிகிற விளக்கெல்லாம் கீழேயும் எரிந்தது. என் வாயிலிருந்து கேலி எதுவும் வரவில்லை, அவ்வளவு அழகு. "அங்க இந்த மாதிரி தரையில எல்லா ஊரு ஆளும் நடந்து போவாங்க. நான் ஓரமா நிப்பேன்," என்றாள் அக்கா. "நம்ம ஆளுங்களும் ஒரு நாளு இப்புடி நடக்கட்டும்டி."

நம்ம ஆட்கள் வந்தார்கள். வாசல் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள்.

யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் கால்கள் தாமாகவே செருப்பை விட்டன. முதல் வாரத்தில் எங்களுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. படிக்கு வெளியே குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் "உள்ள என்ன பூசையா?" என்று கேட்டார். ஒருத்தியின் செருப்பை இன்னொருத்தி மாற்றிப் போட்டுக்கொண்டு போய், தோட்டத்தில் ரெண்டு லயத்து வீட்டு வரிசைகளுக்கும் இடையில் ஒரு வாரம் சண்டை நடந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வைகாசியில் தொடங்கினால் துணி காயவைப்பதே பெரும்பாடு. அந்தக் குளிரில் வெறுங்காலோடு அந்த டைலில் நிற்பது, ஐஸ்கட்டி மேல் நிற்பதுதான். பெண்கள் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் வைத்துக்கொண்டு சேலை பார்த்தார்கள். ரெண்டு சேலை விரிப்பதற்குள் "சரிங்க, அப்பறம் வர்றோம்" என்று ஓடினார்கள். கால் நிறையச் சேறு இருந்தவர்கள் படியோடு நின்று, "அந்த நீலத்த கொஞ்சம் இங்கிட்டு காட்டுங்க" என்று வெளியிலிருந்தே கேட்டார்கள். மற்றவர்கள் நேராகப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அந்தக் கடையின் சிமெந்துத் தரை பெயர்ந்து பல்லிளித்துக் கொண்டிருக்கும். அங்கே கூட்டம் நெரிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு, பாடசாலையில் அட்டை வாங்கி நானே பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்: செருப்போடு உள்ளே வரவும். சிங்களத்திலும் எழுதினேன். கதவில் ஒட்டினோம். தோட்டத்தின் மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண், எப்போதும் பச்சைக் குடையோடு வருகிறவள், நின்று அதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

"அதான் போட்டுக்கிட்டே வரலாம்னு எழுதியிருக்குல்லங்க?" என்றேன்.

"அது டவுன் ஆளுங்களுக்கு மிஸ்," என்றாள் சிரித்துக்கொண்டே. "எங்க காலு வேற."

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. நான் ஏதோ பதில் சொல்ல வாய் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் விரைத்துப்போன கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு சில நாட்கள், பாடசாலை விட்டதும், அக்கா வியாபாரத்தை என்னிடமும் மகளிடமும் விட்டுவிட்டு, எதிரே பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். ஏஜென்சிக்காரருக்குப் போன் பண்ணத்தான் போகிறாள் என்று மகள் பயந்தாள். நானும் பயந்தேன், வெளியில் காட்டவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் மாலை அக்கா வந்து சொன்னாள்: "யாருமே போர்ட பாக்குறதில்லடி. படியப் பாக்குறாங்க. படி வந்தா நிக்கிறாங்க. உள்ள வேற மாதிரி மின்னுனா கழட்டுறாங்க. படியும் இருக்கக்கூடாது, வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணுன்னும் இருக்கக்கூடாது."

"அப்ப ரோட்டையே உள்ள கொண்டு வந்துரு," என்றேன்.

கேலியாகத்தான் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மேல் டிவிஷன் குறுக்குப் பாதையில் இறங்கி, ஒரு ஷொப்பிங் பேக் நிறையச் சேற்றை அள்ளி வந்தாள். பாதியை அடுப்படியில் வைத்துக் காயவிட்டாள். காய்ந்தது ஒரு பையிலும் ஈரம் இன்னொரு பையிலுமாக என்னையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு டைல் பார்க்கப் போனாள்.

அந்தக் கடைப் பையனை இன்றும் மெச்சுவேன். கழுத்துப்பட்டி கட்டி, வாசனை பூசி, கண்ணாடி மாதிரி தரையில் நின்றுகொண்டிருந்தான். அவன் முன்னால் அக்கா பையை அவிழ்த்து, "இந்தக் கலர்ல டைல் வேணும் தம்பி. காஞ்சாலும் இது மாதிரி, நனைஞ்சாலும் இது மாதிரி" என்றாள். எனக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவன் ஒரு நிமிஷம் சேற்றைப் பார்த்தான். பிறகு கழுத்துப்பட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு டைலாக எடுத்து வைத்து, அதில் சேற்றை ஒரு விரல் இழுத்து, எழுந்து தள்ளி நின்று பார்த்தான். சேறு தெரிந்தால் அந்த டைல் தோற்றது.

"அக்கா, ஒண்ணு சொல்லவா?" என்றான் கடைசியில், ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து காட்டி. "இந்த வருஷம் வெளிநாட்டுக் கடையெல்லாம் இந்தக் கலர்தான். பளபளப்பு போயிருச்சு. மண் கலர், மெட் டைல், சொரசொரப்பு. நீங்க ட்ரெண்டோடதான் வந்திருக்கீங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. ஊரெல்லாம் சுற்றி, வெள்ளையும் கறுப்பும் பளிங்குமாகப் பார்த்து அலுத்து, கடைசியில் உலகமே எங்கள் மேல் டிவிஷன் சேற்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதே பையன்தான் வினைல் பலகையையும் காட்டினான். விரல் தடிமன்கூட இல்லை; பழைய டைல் மேலேயே ஒன்றோடொன்று கோத்துவிடலாம். நான் செருப்பைக் கழற்றி அதன்மேல் நின்று பார்த்தேன். குளிரவில்லை. மரத்தின் கணுவும் ரேகையும் நகத்துக்குத் தட்டுப்பட்டன. பொய்ப் பலகைதான், ஆனால் பொய்யை இவ்வளவு பக்தியாகச் செய்தவனைக் கும்பிடத் தோன்றியது.

வாசல் பக்கத்து வெள்ளை டைலை உடைக்க வந்த கொத்தனார் பாஸ், சிங்களவர், உளியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "நோனா, மேக கடன்ன எபா," என்றார். இதை உடைக்காதீர்கள் என்று கெஞ்சுவது போலச் சொன்னார். அவருக்கும் அந்தப் பளபளப்பு பாவமாக இருந்தது. அக்கா குனிந்து, அந்த டைலைத் தன் முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். அவள் முகம் அதில் தெரிந்தது. பிறகு எழுந்து நகர்ந்து நின்றாள். உளி விழுந்த சத்தத்துக்கு நான்தான் கண்ணை மூடினேன்.

படி போய்ச் சரிவு வந்தது. கடைக்கு வெளியே நடைபாதை ஓரத்தில் தொடங்கும் சேற்று நிற டைல், ஷட்டர் விழும் கோட்டைத் தாண்டி, கடைக்குள் நாலைந்து எட்டு வரைக்கும் ஒரே சீராக ஓடியது. அதன்பிறகு பலகை. தெரு எங்கே முடிகிறது, கடை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. நான் எழுதிய அறிவிப்பைக் கழற்றிக் குப்பையில் போட்டோம்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. தோட்டங்களில் தீபாவளி அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். மத்தியானத்திலிருந்து மழை. பஸ் வந்து நின்றதும் பச்சைக் குடை இறங்கியது, கூடவே ரெண்டு பெண் பிள்ளைகள். பஸ் கண்டக்டர் மிச்சக் காசு தராததைப் பற்றித் திட்டிக்கொண்டே அவள் ரோட்டைக் கடந்தாள். திட்டிக்கொண்டே சரிவில் ஏறினாள், குடையை உதறினாள், ஷட்டர் கோட்டைத் தாண்டினாள், பலகையில் நடந்தாள். சேலை அடுக்குக்குப் பக்கத்தில் வந்து, ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல மெரூன் இருக்குங்களா?" என்று கேட்டாள். காலில் செருப்பு இருந்தது. செருப்பில் சேறு இருந்தது. அவள் ஒருதடவைகூடக் கீழே பார்க்கவில்லை.

அக்கா கையில் மடித்த சேலையோடு அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "மெரூன் இருக்கு, வாங்க" என்று நான்தான் ஓடினேன்.

அதற்குப் பிறகு மூச்சுவிட நேரமில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் ஏஜென்சிக்காரரின் போன் வந்தது. அக்கா காதுக்கும் தோளுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு ஒரு பிள்ளைக்குச் சட்டை அளவு பார்த்தபடியே, "இல்லண்ணே, நான் வரலங்க. கடையில ஆளு நிக்கிறாங்க" என்று வைத்துவிட்டாள். மேசைக்குப் பின்னால் மகள் பை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த பையையே விரித்து மறுபடி மறுபடி மடித்தாள்.

பொழுது சாய்ந்து ஷட்டரைப் பாதி இறக்கியபோது, நான் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். வாசல் டைலில் எது சேறு எது டைல் என்றே தெரியவில்லை, பையன் கெட்டிக்காரன். பலகையில் மட்டும் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. குதிகால், பூட்ஸ், ரப்பர் செருப்பின் கட்டம், ஒரு குழந்தையின் அஞ்சு விரல். நான் துடைப்பானை நனைத்தேன்.

"வையி கீழ அத," என்றாள் அக்கா.

"சேறு காஞ்சா போகாதுக்கா. உனக்குத் தெரியாததா?"

"தெரியும்." அவள் மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு, தரையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தாள். "வந்த அடையாளமே இல்லாமத் தொடைக்கிறதுதான் அங்க எனக்கு வேல. இது நம்ம கடைக்கு வந்த காலு. இன்னைக்கு ஒரு ராத்திரி இருக்கட்டும்."