கண்ணாடியில் காது

இடது காதைக் காரின் முன் கண்ணாடியோரம் ஒட்டிவைத்து, கண்களை மூடிக்கொண்டு, வலது கையிலிருந்த கேத்தலால் தண்ணீர் ஊற்றுகிறார் கச்சிமுகம்மது. "போடுங்க" என்றதும் உள்ளே இருப்பவர் வைப்பரை ஓடவிட வேண்டும். றப்பர் அவருடைய தாடியைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும். அவர் அசைவதில்லை.

சாய்ந்தமருதில் அவருடைய வீட்டு வளவுதான் கராஜ். எஞ்சின் வேலைக்கு யாரும் அங்கே போவதில்லை. முனகும் கதவு, கீச்சிடும் வைப்பர் என்று சத்தம் போடுகிறவை மட்டும் வரும். கடற்காற்று கண்ணாடியில் படியவைக்கும் உப்பை வினாகிரி தொட்ட பழைய பத்திரிகையால் துடைப்பார். குறட்டால் வைப்பர் கையை மயிரளவு முறுக்குவார். றப்பர் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் கத்துமாம். போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் புரள வேண்டுமாம். றப்பரில் மண்ணெண்ணெய் பூசிக்கொண்டு வருகிறவர்களைத் திட்டுவார். "ரெண்டு நாளைக்கி வாய மூடும். பொறகு ஒப்பாரிதான்." வேலை நேரத்தில் வெற்றிலை போடமாட்டார். மெல்லுகிற சத்தம் காதுக்குக் குறுக்கே நிற்குமாம்.

அவருக்கு அடங்காத கார் ஒன்று உண்டு. காரைதீவுக் கனகசபாபதி வாடகைக்கு ஓட்டும் மொரிஸ் மைனர். ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வந்தும் வீட்டில் இருப்புக்கொள்ளாமல், போன மாரியில் பொத்துவிலுக்குப் போக அதில்தான் ஏறினேன். கனகசபாபதியோ காரை நேரே கச்சிமுகம்மதுவின் வளவுக்குள் விட்டார்.

"என்ன காக்கா, ஊரில இருக்கிற வைப்பரெல்லாம் வாய மூடுது. என்ட கார் மட்டும் உங்களுக்கு மாற்றாந்தாய்ப் புள்ளையா?"

"நான் அடக்கித்தான் அனுப்புறன் கனகசபை. உங்கட ஊர்த் தண்ணியக் குடிச்சிட்டுத் திரும்பக் கத்துது."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தத்தை வழியெல்லாம் கேட்டிருந்தேன். ஒரு நீண்ட இழுப்பு, பிறகு ஒரு விக்கல். யாரையோ கூப்பிடத் தொடங்கி விழுங்கிவிடுவதுபோல.

முன்பு அந்தக் காரை ஓட்டியவர் கச்சிமுகம்மதுவின் தம்பி ஜெமீல். யுத்தகாலத்தில் பிரச்சினை கூடியிருந்த ஒரு மாரியில் இறக்காமத்துக்கு ஆள் ஏற்றிப் போனவர் திரும்பவில்லை. காலையில் மாவடிப்பள்ளி வயலோரம் கார் நின்றது. கதவுகள் பூட்டியிருந்தன. மழை எப்போதோ விட்டிருந்தும், காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்ததாம்.

ஜெமீலின் மனைவி றம்லா அடுத்த வளவில் இருக்கிறார். மழைநாளில் புருஷன் வருவதை அந்தச் சத்தத்தால் அறிந்து கேற்றைத் திறந்துவைப்பது அவர் வழக்கம். இன்றும் கார் மழையில் அந்த வழியால் போனால் திறந்துவைத்து நனைந்துகொண்டு நிற்பார். அடக்கம் செய்ய ஜெமீலின் மையித்து கிடைக்கவில்லை. கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தாவுக்கு அவர் இருக்கவுமில்லை. பெரியவர்கள் கேட்டபோது ஒன்றே சொன்னார்: "அந்தச் சத்தம் நிக்கட்டும், இருக்கன். அதுவரைக்கும் என்ன மவுத்தானவர்ர பொஞ்சாதி எண்டு செல்லாதீங்க."

நான் பொத்துவிலுக்குப் புறப்பட்ட மாரியிலும் நனைந்து நனைந்து காய்ச்சலில் விழுந்து, அப்போதுதான் எழும்பியிருந்தார்.

"இண்டைக்கி முடிச்சிப்போடுறன்" என்றார் கச்சிமுகம்மது. றப்பரை மட்டுமல்ல, கைகளையும் மோட்டரையும் கழற்றினார். பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்தவற்றைப் பூட்டினார். உப்பைத் துடைத்தார். காதை வைத்தார். கேத்தலைச் சரித்தார்.

"போடுங்க."

வைப்பர் போனது, வந்தது. தண்ணீர் வழிகிற சத்தம் மட்டுமே. கனகசபாபதி தலையை வெளியே நீட்டினார். "அப்பாடா, செத்துப்போச்சு காக்கா!" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். சுவிட்சை நிறுத்தி, சாவித் துவாரத்திலிருந்து திறப்பையும் உருவிவிட்டார்.

அப்போது வேலிக்கு அப்பால் கேற்றின் கொண்டி அசைந்தது. றம்லா முக்காட்டை இழுத்துக்கொண்டு தன் கேற்றடியில் நின்றார்.

"மச்சான், அவருதானே? கேற்றத் திறக்கட்டா?"

"சத்தம் கேக்குதா புள்ள?"

"ஓம். இன்னும் கேக்குது."

கனகசபாபதி கையிலிருந்த திறப்பைப் பார்த்தார். வைப்பர் இரண்டும் கண்ணாடியின் அடியில் படுத்துக் கிடந்தன.

கச்சிமுகம்மது கேத்தலைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி, மறுபடி காதைக் கண்ணாடியில் ஒட்டிக் கண்களை மூடினார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அவர் கை உயர்ந்து என்னைப் பேசவிடாமல் நிறுத்தியது. வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு அதே கை மெல்ல வேலிப் பக்கம் திரும்பி, திற என்று அசைந்தது.