இடது காலால் இங்கிலீஷ்

போன ஞாயிறு எங்கள் நெல்லித்தோப்பு வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி செல்வி. மாடி வீட்டுச் சவேரி அண்ணன் — பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்த சிப்பாய்; எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் கக்கத்தில் ஒரு தடித்த இங்கிலீஷ் டிக்‌ஷனரி.

நான் ஆட்டோக்காரன். செல்வி பீச் பக்கம் ஒரு ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்கிறாள். மூன்று மாடி. லிஃப்ட் கெஸ்ட்டுக்கு மட்டும். படி ஏறி ஏறி அவளுக்கு வலது முட்டி வீங்கிக் கிடக்கிறது. கீழே ரிசப்ஷனில் ஓர் இடம் காலி. செவ்வாய்க்கிழமை அதற்கு இங்கிலீஷ் டெஸ்ட்.

மானேஜர் அம்மா முன்பே ஒருமுறை பேசவிட்டுப் பார்த்திருந்தார். "வார்த்தை எல்லாம் சரிதான் செல்வி. ஆனா எல்லாத்தையும் ஒரே மாதிரி அழுத்துற. வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியாது."

இருபது வார்த்தை எழுதியும் கொடுத்தார். எல்லாம் ரிசப்ஷனில் ஓயாமல் நடக்கிற வேலைகள்.

டிக்‌ஷனரியைப் பிரித்தோம். முதல் வார்த்தை 'கேன்சல்டு'. தேடினேன்... இல்லை.

"புக்கே சரியில்ல," என்றேன்.

"யோவ், வால வெட்டிட்டுத் தேடுய்யா. மீன வாலோடயா கொழம்புல போடுற?" என்றார் அண்ணன்.

வாலை வெட்டினால் 'கேன்சல்'. இருந்தது. அதன் முதல் எழுத்துக்கு முன்னால், மேலே பொடியாக ஒரு கோடு. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன்.

"சுரண்டாத! அந்தக் கோட்டுக்கு அடுத்தாப்புல இருக்கறதத்தான் அழுத்தணும்."

செல்வி அழுத்திப் பார்த்தாள். கேன்சல், கன்ஃபர்ம், டெலிவர்... இரண்டு மணி நேரம். எல்லாம் சமமாகவே வந்தன — பூச்சு வேலை முடிந்த சுவர் போல.

"விடுங்கண்ணே. எனக்கு மாடிதான்," என்று பேப்பரை மடித்தாள்.

அண்ணன் எழுந்தார். "பட்டாளத்துல சேந்தப்ப எனக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. காலாலதான் கத்துக்கிட்டேன். எழுந்திரு. கோடு வர்ற எடத்துல கால ஓங்கி வை."

"இந்த முட்டிய வச்சிக்கிட்டு பரேடா?"

"எடது கால் சும்மாதான கெடக்குது?"

கேன்-சல். முதலில் தொம். கன்-ஃபர்ம். இரண்டாவதில் தொம். டெ-லி-வர். நடுவில் தொம்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல்: "என்னாக்கா, மாவா இடிக்கிறீங்க?"

இருட்டுவதற்குள் இருபதும் வந்துவிட்டன.

செவ்வாய். ஹோட்டல் வாசலில் ஆட்டோவோடு நின்றேன். கதவு திறந்திருந்தது. மானேஜர் அம்மா உயரமான ஸ்டூலைக் காட்டினார். செல்வி ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் படவில்லை.

முதல் வார்த்தையைக் கேட்டார். செல்வி கீழே பார்த்தாள். இடது கால் காற்றில் தரையைத் துழாவியது.

போச்சு என்று நினைத்தேன்.

இறங்கினாள்.

"உக்காந்தே சொல்லு செல்வி."

"நின்னுக்கிட்டே சொல்றேன் மேடம். அப்பதான் வரும்."

இருபது வார்த்தை. இருபது தொம். மானேஜர் அம்மா மேசையைத் தாண்டி எட்டிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "திங்கக்கெழமையிலேர்ந்து கீழ வந்துடு. கெஸ்ட் முன்னாடி மட்டும் கால மெதுவா வை."

படிப்பு வாய் வழியாகத்தான் ஏற வேண்டுமா என்ன? எந்த வழி திறந்திருக்கிறதோ, அந்த வழியில் ஏறுகிறது.

திரும்பும்போது கேட்டேன். "அந்த மூணு மாடிக்கும் எத்தினி படி இருக்கும்?"

அவள் யோசிக்கவே இல்லை.

அறுபத்தாறு.