பூரிக்கட்டையும் கொத்திய இரும்பும்

என் மச்சினனுக்கு வலது முழங்கால் போய்விட்டது. என் மனைவியின் தம்பி அவன். அவனுடைய வாழைத்தோட்டம் பாலத்தைத் தாண்டி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. மொபெட்டில் போய் ஒருமுறை விழுந்தான். உடனே சென்னையிலிருந்து அவன் மகன் வந்து வண்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டான். போகும்போது சொன்னான்: “பொங்கலுக்கு வருவேன். அப்போ நீங்க துணை இல்லாம தோட்டத்துக்கு வந்து நின்னா, வாழையை நீங்களே பாருங்க. இல்லாட்டி குத்தகைக்கு விட்டுருவோம்ப்பா.”

சைக்கிளைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மிதிக்க முழங்கால் வேண்டுமே. ஆகவே சைக்கிளுக்கு எஞ்சின் வைப்பது என்று இரண்டு கிழவர்களும் முடிவு செய்தோம்.

புல் வெட்டும் இயந்திரத்தின் சின்ன எஞ்சினைக் கழற்றி முன் சக்கரத்தின் மேல் பொருத்தினோம். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஓர் உருளை டயரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உருளை சுற்றினால் டயரும் சுற்றும். செயின் கிடையாது, கியர் கிடையாது, வெறும் உராய்வு. வேலையில் இருந்த காலமெல்லாம் பாளையங்கோட்டைக் கல்லூரியில் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியது அதைத்தான். எனவே உருளையை எதில் செய்வது என்று சொல்லும் உரிமை எனக்கே உண்டு என்று நினைத்தேன்.

முதலில் நைலான். காலைப் பனி பட்ட டயரில் அது சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. அடுத்து வழவழப்பான இரும்புக்குழாய். எஞ்சின் அலறியது, சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. தெருவில் போன தபால்காரர், “அண்ணாச்சி, மாவு அரைக்குதியளா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை மச்சினன் தன் வீட்டுப் பூரிக்கட்டையைக் கொண்டுவந்தான். பட்டறையில் அளவாக வெட்டித் துளை போட்டு, மேலே பழைய சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றியிருந்தான்.

“கட்டை லேசு, டியூபு பிடிக்கும். பாருங்களேன், அத்தான்.”

“ஏலே, இது என்ன, வண்டியா அடுப்படியா?”

அது பிடித்தது. தெருக்கோடி வரை பதவிசாக ஓடித் திரும்பியது. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் தெருவில் அம்மி கொத்துகிறவர் வந்தார். அவரிடம் என் இரும்புக்குழாயை நீட்டினேன். “இது கல்லு இல்லியே, சார்வாள்” என்றார். அம்மிக்கு எப்படியோ அப்படியே கொத்துங்கள் என்றேன். உளியை வைத்து அவர் பொளிந்து தள்ளினார். குழாய் முழுக்க முள் முளைத்தது. அம்மிக்குப் பிடிப்பு வேண்டுமென்றால் கொத்துகிறோம், உருளைக்கும் பிடிப்புத்தானே வேண்டும் என்பது என் கணக்கு. அம்மியில் அரைபடுவது மிளகாய், இங்கே அரைபடப் போவது டயர் என்பது என் படித்த மண்டைக்கு எட்டவில்லை.

பாலத்து ஏற்றத்தில் இரண்டு உருளைகளையும் சோதிப்பது என்று பேச்சு. அன்று அவன் கை கழுவப் போன நேரத்தில், பூஜை அறையிலிருந்து எடுத்துவந்த விளக்கு எண்ணெயை அவனுடைய கட்டையில் சுற்றிய டியூபில் தடவினேன். ஏன் செய்தேன் என்பதற்கு நல்ல காரணம் எதுவும் இல்லை. பூரிக்கட்டையிடம் தோற்க மனமில்லை.

ஏற்றத்தில் அவன் சைக்கிள் நின்றுவிட்டது. இறங்கி, அந்தக் காலை இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டு மேலே வந்தான். “நீங்க சொன்னதுதான் சரி, அத்தான். படிச்சவங்க படிச்சவங்கதான்” என்றான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இரும்பை மாட்டினோம். அப்பா, என்ன ஓட்டம். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொண்டேன். வாத்துக்கூட்டம் சிதறியது. வாழை இலைகள் இரு பக்கமும் பறந்தன. வாய்க்காலில் துணி துவைத்த பெண்கள் சோப்பை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கூச்சல் போட்டோம். தோட்டத்தில் இறங்கிப் பார்த்தால் அவன் வெள்ளை மீசை கருகருவென்று இருந்தது. டயர் தூள். “மீசைக்கு மை அடிச்சியாலே?” என்று கேட்டுச் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. தூள் எங்கிருந்து வருகிறது என்று இருவரும் யோசிக்கவில்லை. தினமும் போனோம், தினமும் மீசை கறுத்தது.

பொங்கல் கழிந்த மறுநாள் தோட்டத்து வரப்பில் நானும் அவன் மகனும், குத்தகைக்குக் கேட்டு வந்தவரும் நின்றோம். தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. “வந்துட்டாருல்லா” என்றேன், என்னமோ நானே ஓட்டி வருவதுபோல. சத்தம் நெருங்கியது. ‘டப்’ என்றது. பிறகு தண்ணீரில் எதுவோ விழும் ஓசை.

ஓடிப்போய்ப் பார்த்தோம். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். அடி ஒன்றும் இல்லை. தலையில் ஆகாயத்தாமரை, முகமெல்லாம் கரி. சைக்கிளின் முன் டயர் கிழிந்த அப்பளம் மாதிரி தொங்கியது.

“போதும்ப்பா” என்றான் மகன்.

அப்போது சொன்னேன். எண்ணெய் தடவியதைச் சொன்னேன், பூரிக்கட்டை நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொன்னேன். குத்தகைக்காரர் வரப்பில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“மாமா, நீங்க காலேஜ்ல பாடம் எடுத்தவங்கதானே?” என்று கேட்டான் மகன்.

மச்சினன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, “ஏற்றத்துல தள்ளிக்கிட்டு வந்தேனே, அத்தான்” என்றான். நான் வேட்டியோடு வாய்க்காலில் இறங்கி அவன் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

தோட்டம் இந்த வெள்ளாமைக்குக் குத்தகைக்குப் போய்விட்டது. வாழை வெட்டியதும் திரும்பக் கொடுப்பது என்பது மகனிடம் நான் மன்றாடி வாங்கிய வாக்கு. அதுவரை மச்சினன் புது டயரில், டியூப் சுற்றிய கட்டையோடு, தினமும் தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறான். குத்தகைக்காரர் வரப்போரம் அவனுக்கு உட்கார ஒரு கல் போட்டு வைத்திருக்கிறார். சில நாள் நானும் கேரியரில் தொற்றிக்கொள்கிறேன். இரண்டு ஆள் பாரத்துக்குப் பாலத்து ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் திணறும். நானே இறங்கி, பின்னாலிருந்து தள்ளுகிறேன். மூச்சு வாங்குகிறது. அவன் திரும்பிப் பார்த்து, “பைய வாங்க, பைய வாங்க” என்று சொல்லிவிட்டு எஞ்சினை இன்னும் கொஞ்சம் முறுக்குகிறான்.