வழுக்கிய சுரம்

என் மேசை இழுப்பறையில் ஒரு கிதார்க் கம்பி சுருண்டு கிடக்கிறது. ஆறு கம்பிகளில் மெல்லியது, ஒரு முனை அறுந்தது. அதில் ஒரு சீட்டைக் கட்டி வைத்திருக்கிறேன்: ‘1973, சனிக்கிழமை, மகாபலிபுரம், மாலை ஏழு இருபது.’ தேதி இல்லை. பல் பிடுங்கிய நாளைக்கூடக் குறித்துவைக்கும் எனக்கு இது இன்றும் உறுத்தல்தான். அன்று வீடு திரும்பியதும் டைரியைத் திறந்து உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. அந்த வாரமே காலியாகக் கிடக்கிறது.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். செங்கல்பட்டில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தார். கல்யாணம், சாமி ஊர்வலம், சாவு எல்லாவற்றுக்கும் போவார்கள். சாவு மெட்டில் மேலே ஏறி நிற்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. மாமா அங்கே நேராகப் போய் நிற்கமாட்டார். கீழேயிருந்து வழுக்கிக்கொண்டே ஏறி, சுரத்துக்கு மயிரிழை தாழ்வாக ஒரு கணம் தயங்கி, பிறகுதான் சேருவார். பேண்டு மாஸ்டர் எட்டு வருஷம் பொறுத்தார். ஒருநாள் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது எல்லார் எதிரிலும், “உனக்குக் காதே கிடையாதுய்யா” என்றார். திட்டியிருந்தால் மாமா தாங்கியிருப்பார். மாஸ்டர் வருத்தப்பட்டுச் சொன்னார், அதனால் மாமா நம்பிவிட்டார். வாத்தியத்தையே விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். மகாபலிபுரத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் கிளாரினெட் தேடுவதாகத் தகவல் வந்தது. இங்கிலீஷ் பேச நான் கூடப் போனேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போன பஸ்ஸில் மாமா அந்தப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

மதுவிலக்கைத் தளர்த்தியிருந்த காலம் அது. அந்த வெளிநாட்டுக்காரர் இருப்பதாகச் சொன்ன இடம் கடலோரத்துச் சாராயக் கடை, கீற்றுக் கொட்டகை. இமையில் கல்தூசி படிந்த சிற்பிகளும் மீன்பிடிப்பவர்களும் முடி வளர்த்த வெள்ளைக்காரப் பையன்களும் ஒரே பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கிதாருடன் இருந்தவர் கறுப்பர், அமெரிக்கர். கிளாரினெட் தேடியவர் அவர்தான். “பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்து ஆள் கணக்கா கீறாரு” என்று சொன்ன கடைக்காரர் அவரிடம் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் ஒரு வரி பாடினார். அதையே மறுபடி பாடினார். மூன்றாவது வரி முதலிரண்டுக்கும் பதில் மாதிரி வந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் கிதார் தன் பங்குக்கு ஏதோ முனகியது. கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளினார். ஒலி கீழேயிருந்து கிளம்பி, சேரவேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே நின்று நடுங்கியது. அந்த இசைக்கு ப்ளூஸ் என்று பெயர், பருத்திக்காட்டு அடிமைகளின் பேரப்பிள்ளைகள் பாடியது என்பதெல்லாம் பின்னால் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் உடம்பு சிலிர்த்ததும் மாமா என் மணிக்கட்டை வலிக்கப் பிடித்ததும்தான். “மச்சான், அவரும் வழுக்கறாரு” என்றார்.

பாட்டு முடிந்ததும் வாத்தியம் சரியாக இருப்பதைக் காட்ட மாமா வாசிக்கவேண்டியிருந்தது. கல்யாணப் பாட்டு ஒன்றைத் தயார் செய்து வந்திருந்தார். விரல் தானாகச் சாவு மெட்டுக்குப் போய்விட்டது. பிணம் இல்லாத இடத்தில் பேண்டுக்காரர் யாரும் அதை வாசிக்கமாட்டார்கள், பழகுவதற்குக்கூட. ஒரு மீனவர் தலைத்துண்டை அவிழ்த்தார். ஒரு சிற்பி ஊர்வலம் எந்தப் பக்கம் வருகிறதென்று பார்க்க வெளியே ஓடினார். “இன்னா நைனா, கடைக்குள்ள பொணமா கீது? நிறுத்து” என்றார் கடைக்காரர்.

மாமா நிறுத்தியிருப்பார். அதற்குள் கிதார் அடியில் வந்து சேர்ந்துகொண்டது. இருவரும் அந்த இடத்தை நோக்கி ஏறினார்கள். மாமா வழுக்கினார், அவரும் வழுக்கினார். இரண்டும் அந்த மயிரிழைத் தாழ்வில் ஒன்றாகத் தயங்கி நின்றன. நான் கேட்ட எந்தக் கச்சேரியிலும் அப்படி ஒரு கணம் வாய்த்ததில்லை. அங்கேதான் கம்பி அறுந்தது. அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மிச்சம் ஐந்து கம்பிகளில் அவர் முடித்தார்.

மெட்டில் வழுக்கிய அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று அவர் கேட்டார். மாமா என்னைப் பார்த்து, “தப்புன்னு சொல்லு மச்சான்” என்றார். சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, “எங்கள் ஊரில் அந்தத் தப்புக்காகத்தான் பாடுகிறோம்” என்றார். அறுந்த கம்பியைச் சுருட்டிக் கிளாரினெட் பெட்டிக்குள் போட்டு, மூடி, மாமா பக்கம் தள்ளினார். வாத்தியத்தை வாங்கமாட்டேன் என்று அவர் சொன்னதை மொழிபெயர்க்கும் வேலை எனக்கு இருக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்த மீனவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “யாரு பூட்டாங்கன்னே தெரியாம அழுதுட்டேன் அண்ணாத்த” என்றார் மாமாவிடம்.

அடுத்த சாவில் மாமா அந்த இடத்தில் வேண்டுமென்றே, முன்னைவிட நிதானமாக வழுக்கினார். முன்னால் நடந்த மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் திரும்பி நடந்தார். மாமா பிறகு முப்பது வருஷம் வாசித்தார்.

அவர் இறந்தபோது பேண்டு வந்தது. கிளாரினெட் வாசித்தவர் எனக்கு அறிமுகமில்லாதவர், மாமாவோடு வாசித்தவரும் அல்ல. தெருமுனை திரும்புகையில் அவர் அதே இடத்தில் வழுக்கி, மயிரிழை தாழ்வாகத் தயங்கி, சேர்ந்தார். யாரிடம் கற்றீர்கள் என்று பிறகு கேட்டேன். விநோதமாகப் பார்த்தார். “செங்கல்பட்டு மெட்டே அதான் சார். நேரா போனா தப்பு” என்றார்.

வாத்தியப் பெட்டியை அக்கா என்னிடம் கொடுத்தார். கம்பி அதற்குள்தான் இருந்தது. நேராக்கலாம் என்று இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். விட்டதும் பழையபடி சுருண்டுகொண்டது.