அடுத்த பாடத்துக்குப் போகச் சொல்ல யாரும் இல்லை

சனிக்கிழமை காலையில் நான் போகும் மலாய் வகுப்பில் ஆசிரியை பாடம் நடத்துவதில்லை. உலு திராமில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் மண்டபத்தில் வகுப்பு. உள்ளே போனதும் ஆளுக்கொரு டேப் கணினி, காதில் மாட்ட ஒரு ஹெட்போன். திரையில் முதலில் ஒரு காலிக் கட்டம் வரும். இந்த வாரம் உங்கள் இலக்கு என்ன என்று மலாயிலும் தமிழிலும் கேட்கும். நாமே எழுத வேண்டும். நாமே படித்து, நம் குரலை நாமே பதிவுசெய்து கேட்டு, போதுமா போதாதா என்று நாமே முடிவுசெய்ய வேண்டும். மலாய் ஆசிரியைகளை இங்கே சிக்கு என்று அழைப்பார்கள். எங்கள் சிக்கு ஃபரிடா மேசை மேசையாக நடந்து சிரித்தபடி எட்டிப் பார்ப்பார். முதல் நாள், அவர் எப்போது ஆரம்பிப்பார் என்று வகுப்பு முடியும்வரை காத்திருந்தேன்.

இத்தனை வருடம் இங்கே இருந்துவிட்டு இப்போது எதற்கு மலாய் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்கு அது தேவைப்படவே இல்லை. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தமிழ், கோயிலில் தமிழ், மளிகைக் கடையிலும் தமிழ். மீதிப் பேச்செல்லாம் என் கணவர் பார்த்துக்கொண்டார். அவர் இங்கேயே பாலோ ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். மலாய் அவருக்குத் தண்ணீர் குடிப்பது போல. போன தடவை விசா புதுப்பிக்கப் போனபோது முகப்பில் இருந்த அதிகாரி என்னைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் கணவர் பதில் சொன்னார். கடைசியில் அந்த அதிகாரி தன் தொண்டையைத் தொட்டுக்காட்டி என்னிடம் ஏதோ கேட்டார். வெளியே வந்ததும் என்னவென்று கேட்டேன்.

"தொண்ட வலியான்னு கேட்டாரு லா. பாவம், நல்ல மனுசன்."

அந்த அதிகாரி கிண்டலாகக் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். அக்கறையாகக் கேட்டதுதான் மனதில் தங்கிவிட்டது. அடுத்த தடவை என் வாயால் நானே பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் சார் சொன்னால்தான் பக்கம் புரட்டுவோம். தானாகப் புரட்டினால் அதிகப்பிரசங்கி என்று பெயர் வரும். ஒரு சமயம் சார் நீண்ட விடுப்பில் போய்விட்டார். அவர் திரும்பும்வரை வகுப்பு மொத்தமும் விட்ட இடத்தையே வாசித்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் அது வினோதமாகத் தோன்றவில்லை. திரும்பி வந்தவர் எங்களை நல்ல பிள்ளைகள் என்று பாராட்டினார்.

அந்த நல்ல பிள்ளையாகத்தான் இங்கேயும் உட்கார்ந்திருந்தேன். கட்டத்தில் வாராவாரம் 'நன்றாகப் படிக்க வேண்டும்' என்று எழுதினேன். முதல் பாடம் பெயரும் முகவரியும் சொல்வது. முடித்ததும் நட்சத்திரம் மின்னும், இரண்டு அம்புகள் வரும். ஒன்று திரும்பப் படிக்க, மற்றது அடுத்ததுக்குப் போக. திரும்பப் படிப்பதையே அழுத்தினேன். பக்கத்து மேசை வியட்நாம் பெண் லான், கடையில் பேரம் பேசும் பாடத்துக்குப் போய்விட்டாள். அவளிடம் சிக்கு ரகசியமாகச் சொல்லியிருப்பார் என்று எண்ணினேன். எனக்கும் சொல்வார் என்று காத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, என்னை அழைத்துப்போக வந்த கணவரை சிக்கு வாசலில் நிறுத்தி டேப்பைக் காட்டினார். என் கருவி பழுதா என்று அவருக்குச் சந்தேகம். பார்த்ததும் கணவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அலமாக் செல்வி, இத்தன வாரமா இந்த ஒரே பாடத்தையா படிக்கிற? ஒன் வீட்டு அட்ரஸ் அந்த மிஷினுக்கே மனப்பாடம் ஆயிருக்கும்."

"அடுத்ததுக்குப் போன்னு அவங்க சொல்லவே இல்லையே."

அவர் அதை மலாயில் சொன்னார். சிக்கு சிரிக்கவில்லை. மெதுவாக ஏதோ சொல்ல, கணவரின் சிரிப்பும் நின்றது. "நீயா நகருவேன்னு அவங்க காத்துக்கிட்டு இருந்தாங்களாம்" என்றார்.

பிறகு சிக்கு என் இலக்கைத் தொட்டுக்காட்டி, எதற்காக நன்றாகப் படிக்க வேண்டும் என்று கேட்டார். கணவர் அதை எனக்குச் சொல்லிவிட்டு, வழக்கம்போலத் தானே பதிலை ஆரம்பித்தார். சிக்கு கையை உயர்த்தி அவரைத் தடுத்து, என்னைப் பார்த்தார்.

"விசா கவுண்டர்ல நானே பேசணும்" என்றேன், கணவரின் முகத்தைப் பார்க்காமல். "நீங்க பின்னாடி உக்காந்திருக்கணும்."

அவர் கொஞ்சம் தயங்கி, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

அதன் பிறகு இலக்குகள் சிறியவை ஆயின. பிறந்த தேதியைத் தடுமாறாமல் சொல்வது. மெதுவாகப் பேசுங்கள் என்று கேட்பது. சமையல் முடித்து, துணி காயப்போட்டுவிட்டு, பதிவான என் குரலைக் கேட்பேன். என் அக்கா யாரிடமோ கெஞ்சுவது போல இருக்கும். அழித்துவிட்டு மறுபடி பேசுவேன். இங்கே என்னைப் போல வந்தவர்களுக்குத் தெரியும்: படிப்பதைவிட, அடுத்து என்ன என்று தினமும் தானே முடிவுசெய்வதுதான் அலுப்பு. சில நாள் அந்தப் பழைய சார் வந்து, இந்தப் பக்கம் படி என்று அதட்டினால் தேவலை என்றிருக்கும்.

விசா நாள் வந்தது. கணவர் தானாகவே பின்வரிசை நாற்காலியில் போய் அமர்ந்தார். முகப்பில் இந்த முறை வேறு அதிகாரி. பெயர் கேட்டார், முகவரி கேட்டார், கணவரின் வேலையைக் கேட்டார். சொன்னேன். முத்திரையை எடுத்தவர் சும்மா பேச்சுக்கு இன்னொன்று கேட்டார். கடைசிவரை இங்கேயே இருந்துவிடப் போகிறீர்களா?

கேள்வி முழுவதும் புரிந்தது. பதில்தான் எந்தப் பாடத்திலும் இல்லை. பின்னால் திரும்பிப் பார்க்க நினைத்தேன், பார்க்கவில்லை.

"பெலும் தாஹு" என்றேன். இன்னும் தெரியாது என்று அர்த்தம். அவர் பரவாயில்லை என்று முத்திரை குத்தினார்.

காரில் கணவர், என்ன இவ்வளவு நேரம் பேசினாய் என்று கேட்டார். வீட்டு நம்பரைத் திரும்பக் கேட்டார் என்றேன். அதற்குள் ஊரிலிருந்து அண்ணனின் போன், ஸ்பீக்கரில் போட்டேன். விசா கிடைத்துவிட்டதா என்றவர் தொடர்ந்து கேட்டார்:

"அப்ப இங்க வந்து இருக்கிற யோசனையே இல்லையாம்மா?"

"பெலும் தாஹு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என்னம்மா சொல்ற? புரியல."

அண்ணனுக்குத்தான் புரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கணவர் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தே ஓட்டினார்.