எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிய படிவம்

இரண்டு வருடங்களுக்கு முன், பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அலுவலகத்தில் நாலு பேர் சேர்ந்து கிளிமஞ்சாரோ ஏறுவதென்று முடிவு செய்தோம். ஆப்பிரிக்காவில் தூங்கிக்கொண்டிருக்கும் எரிமலை அது. உயரம் பத்தொன்பதாயிரம் அடிக்கும் மேல். ஆறு நாள் நடை. நாற்பத்து மூன்று வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்காத ஆளில்லை. கேட்கக் கேட்க எனக்கு வீம்பு ஏறியது.

டீம் லீட் ஆச்சே, திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். லீவு, விசா, ஊசி, எந்த நாள் எந்த முகாம், ஆளுக்கு எத்தனை ஜோடி காலுறை என்பது வரை ஒரே எக்செல் ஷீட்டில் போட்டு எல்லோரையும் படுத்தினேன். பயிற்சிக்கு ஞாயிறு காலைகளில், சந்தாபுராவில் நான் குடியிருக்கும் பதினாலு மாடிக் கட்டடத்தின் படிகள். முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசி. முதல் நாள் வாட்ச்மேன் பதறிப்போய், "லிஃப்ட் கெட்டோகித்யா மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார். லிஃப்ட் நன்றாகத்தான் இருக்கிறது, எங்களுக்குத்தான் கெட்டுப்போச்சு என்று தலையைத் தட்டிக் காட்டினேன்.

மலையேற்றத்துக்குக் கூட்டிப்போகிறவர்கள் ஒரு உடல்நலப் படிவம் அனுப்பினார்கள். அதில் ஒரு கேள்வி: உயரமான இடத்தில் எப்போதாவது உடம்புக்கு முடியாமல் போயிருக்கிறதா? போயிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இமயமலையில் உயரத்தில் இருக்கும் லே நகருக்குப் போய் இறங்கிய மறுநாளே நுரையீரலில் நீர் கோத்து, இரண்டு நாள் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தேன். அதை எழுதினால் என்னைக் கழற்றிவிடுவார்கள். இவ்வளவு ஆட்டம் போட்டுவிட்டு நான் மட்டும் வீட்டில் உட்காருவதா? ஒரு தடவைதானே வந்தது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு 'இல்லை' என்று போட்டேன். அதே வேகத்தில் மீதிக் கேள்விகளுக்கும் 'இல்லை'.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் யாரும் முதலிலிருந்து எழுத மாட்டோம். ஏற்கெனவே ஒருவர் நிரப்பியதை எடுத்து, பேரை மாற்றி அனுப்பிவிடுவோம். அதனால் என் படிவத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இதே மாதிரி நிரப்பி இன்றைக்கே அனுப்புங்கள் என்றேன். மூன்று படிவங்களும் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டன. பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது ஞாயிறு பயிற்சிக்கு வந்தது நானும், எங்களில் இளையவளான தருமபுரிப் பெண்ணும் மட்டும்தான். மூன்றாம் சுற்றில், பதினோராவது மாடியில் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னம்மா, இதுக்கே மூச்சு வாங்குதா? அங்க போய் என்ன பண்ணுவே?" என்று நக்கலடித்தேன். அவள் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். உதடு கறுத்துக்கொண்டு வந்தது. பையைக் காட்டிக் கையை ஆட்டினாள். அரிசியை இழுத்து வெளியே போட்டுத் துழாவினால், அடியில் ஒரு இன்ஹேலர். ஐயோ கடவுளே! அவளுக்கு ஆஸ்துமா என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கால் மணி நேரம் கழித்து மூச்சு சீரானது. அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது.

"ஏம்மா, இதைப் படிவத்துல எழுத மாட்டியா? உயிரோட விளையாடுறியா?"

"நீங்க எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டிருந்தீங்கக்கா. நானும் அப்படியே விட்டுட்டேன். மாத்தினா உங்க பிளான் கெட்டுடுமோன்னு பயமா இருந்துச்சு."

அவள் குத்திக்காட்டவில்லை, வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியே இல்லாத அந்த உயரத்தில், வழிகாட்டிக்கும் ஒன்றும் தெரியாமல் இவள் இப்படி உட்கார்ந்திருந்தால்? அந்தப் படியிலேயே லே கதையை அவளிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அப்ப நீங்களும் பொய்தானாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் இருவரும் ஹெப்பகோடியில் ஒரு நுரையீரல் மருத்துவரைப் பார்த்தோம். அவளுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்து, நிதானமாக ஏறினால், கூட வருகிறவர்களுக்கு விவரம் தெரிந்திருந்தால் போகலாம் என்றார். என் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "இதை வெச்சுக்கிட்டா கிளம்பினீங்க? நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா." கெஞ்சிப் பார்த்தேன். மசியவில்லை.

குழுவில் எல்லாவற்றையும் உடைத்து எழுதினேன். எல்லோரும் வெறும் படிவத்தை எடுத்து முதலிலிருந்து நிரப்பச் சொன்னேன். இன்னொருவர், தான் பிரஷர் மாத்திரை சாப்பிடுவதாக மெல்ல ஒத்துக்கொண்டார்! ஆறு நாளை எட்டு நாளாக்கினோம். மூன்று பேர் கிளம்பினார்கள். விமான நிலையத்தில் சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டு, காருக்குள் உட்கார்ந்து பொறாமையில் அழுதேன். மறைப்பானேன்.

ஏழாம் நாள் அந்தப் பெண் போன் செய்தாள். உச்சிக்கு முந்தைய முகாமிலிருந்து இறங்கி வந்துவிட்டாளாம்.

"நெஞ்சு இறுக்கமா இருந்துச்சுக்கா. இன்னும் ஒரு நாள்தானே, சமாளிச்சுடலாம்னு தோணுச்சு. ஆனா கைடு எப்படி இருக்கேன்னு கேட்டப்ப உள்ளதைச் சொல்லிட்டேன். உடனே கீழ கூட்டிட்டு வந்துட்டாரு. இப்ப நல்லா இருக்கேன்."

மற்ற இருவரும் உச்சியில் நின்று எடுத்த படத்தை அலுவலகமே கொண்டாடியது. நானும் கைதட்டினேன். ஆனால் என் பொய்யைப் பார்த்து எழுதிய பெண், எனக்கு வராத தைரியத்தோடு அங்கே உண்மையைச் சொல்லி உயிரோடு திரும்பினாளே, இன்றைக்கும் எனக்கு அந்த உச்சியைவிட அதுதான் பெரிது.