மூன்றாவது ஃப்ளாப்பி

எங்கள் வீட்டில் எதன்மேல் ஈரம் படக்கூடாதோ அது அரிசி டின்னுக்குள் போய்விடும். எங்கள் தீவில், கராச்சர்மா ஊரில் பெய்யும் மழை கல்யாண ஆல்பத்தையே பூஞ்சைக்குத் தின்னக் கொடுத்திருந்தது. அதனால் கேமரா, டார்ச் செல், அப்பாவின் கைக்கடிகாரம் எல்லாம் அரிசியோடு குடித்தனம் நடத்தின. சோறு வடிக்க அரிசி அள்ளும்போது அம்மாவின் கையில் எது வரும் என்று சொல்ல முடியாது.

அந்த டின்னுக்குள்தான் அக்காவின் ஐந்து ஃப்ளாப்பிகளும் போயின. அக்கா அபர்டீன் பஜாரில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மெஷினுக்கு நான்கு பேர். அவள் கை கீபோர்டில் படுவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். பரீட்சையில் ஒருமுறை தோற்றும் விட்டாள். இன்னொரு முறை தோற்றால் படித்தது போதும் என்றார் அப்பா. சொன்னவரே மனசு கேட்காமல், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் இருந்த தன் ஆபீஸில் ஏலம் விட்ட பழைய கம்ப்யூட்டரை எடுத்து ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். புரோகிராம் எழுதும் மென்பொருள் அந்த ஐந்து ஃப்ளாப்பிகளில் சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. அதை ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டால் அக்கா வீட்டிலேயே பழகலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஆரம்பித்தோம். முதல் ஃப்ளாப்பி ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவதைப் போட்டதும் மெஷின் கரகரவென்று இருமிவிட்டு, படிக்க முடியவில்லை, மறுபடி முயலவா என்று திரையில் கேட்டது. மறுபடி முயல ஆர் பட்டனை அழுத்த வேண்டும்; அது என் வேலை. எட்டு வயதில் அது பெரிய பதவி. அழுத்தினேன். மறுபடியும் இருமல்.

"ஹார்ட் டிஸ்க்தான் போச்சுப்பா. ஏலத்துல எடுத்தா இப்படித்தான்" என்றாள் அக்கா.

"பக்கா மால், நல்ல சரக்குடி இது! ஆபீஸ்ல ஒருநாள் நின்னதில்ல." அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரேடியோவைத் தட்டுவதுபோல அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

இடம் போதவில்லையோ என்று ஆபீஸின் பழைய கப்பல் பட்டியல்களையெல்லாம் அக்கா அழித்தாள். ஹார்ட் டிஸ்கை முழுசாகச் சோதித்தாள், கோளாறே இல்லை. முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவதில் அதே இருமல். அழுத்தி அழுத்தி என் விரல் வலித்தது. ஆனாலும் விடாமல் அழுத்தினேன்.

ஏனென்றால் கோளாறு எதனால் என்று எனக்கு மட்டும் தெரியும். முந்தின நாள் மத்தியானம் அரிசிக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் பையின் ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒரு ஃப்ளாப்பியை எடுத்துப் பார்த்திருந்தேன். அதன் தகர மூடியை நகர்த்தினால் உள்ளே கறுப்பாக ஒரு தட்டு பளபளத்தது. தொட்டுப் பார்த்தேன். கையில் வாழைக்காய் சிப்ஸ் எண்ணெய். பிறகு எல்லாவற்றையும் முன்போலவே இறுக்கிக் கட்டி, அரிசிக்குள் புதைத்துவிட்டேன்.

அக்கா மூடியை நகர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள். மங்கலாக ஏதோ படிந்திருந்தது.

"அம்மா, இத எங்க வெச்சிருந்த?"

"அரிசி டின்லதான்."

"அரே, ஃப்ளாப்பிய யாராச்சும் அரிசியில போடுவாங்களா? தூசி பூந்திருக்கு பாரு! இந்தத் தடவையும் ஃபெயிலானா என் படிப்பே கதம், முடிஞ்சுதும்மா!" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அம்மா ஃப்ளாப்பியை வாங்கினாள். கொஞ்ச நேரம் அந்த மங்கலையே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் ஆர் பட்டனைப் பார்த்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"ஆமாடி, என் தப்புதான்" என்றாள் அம்மா. "தெரியாம வெச்சுட்டேன். அடுத்த கப்பல்ல வேற வரவழைச்சுக்கலாம். அழாத."

அக்கா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. அம்மா அவள் தட்டில் ஒரு மீன் துண்டைக் கூடுதலாக வைத்ததோடு சரி. எனக்கோ போன உயிர் திரும்பி வந்திருந்தது. என்னைப்போல் கெட்டிக்காரி இந்தத் தீவிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கப்பலில் புது ஃப்ளாப்பிகள் வந்தன. ஐந்தும் ஒரே மூச்சில் ஏறின. அப்பா மெஷினின் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்த முறை அக்கா பாஸானாள்.

ஆனால் புது ஃப்ளாப்பிகளை அம்மா அரிசியில் வைக்கவில்லை. பீரோவின் உச்சியில், நான் நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத மூலையில் வைத்தாள். பாவம், அம்மாவுக்கு அரிசிமேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.